‘ஐயங்கார் பேக்கரி அருகில்’: ஒரு பெயரும் அதன் பல பொருள்களும்

எங்கள் கிளையில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் நிரப்பும் படிவத்தில், முகவரிக்குக் கீழே ‘அருகிலுள்ள அடையாள இடம்’ என்றொரு கட்டம் உண்டு. கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை என எதையும் அதில் எழுதலாம். பெங்களூருவாசிகள் எழுதும் விடைகளுள் ஒன்று திரும்பத் திரும்ப வருவதை நாங்கள் கவனித்திருக்கிறோம்: ‘ஐயங்கார் பேக்கரி அருகில்’. எழுதுபவருக்கு அது துல்லியமான விடை. படிக்கும் எங்களுக்கோ அது விடையே அன்று. ஒரே பேட்டையில் மூன்று ஐயங்கார் பேக்கரிகள் இருக்கக்கூடிய நகரம் இது. முகவரியைச் சரிபார்க்கச் சென்ற எங்கள் ஊழியர் ஒருவர், மூன்று பேக்கரிகளின் வாசலிலும் நின்று விசாரித்துவிட்டு, முகவரி கிடைக்காமல் ஒரு பொட்டலம் காரா பன்னுடன் கிளைக்குத் திரும்பியதும் உண்டு.

‘ஐயங்கார்’ என்னும் சொல் இந்நகரில் ரொட்டியைக் குறிக்கும், மனிதரைக் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். பேச்சில் இதனால் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. ‘ஐயங்காரில் இரண்டு பன் வாங்கி வா’ என்றால் எந்தப் பிள்ளையும் பொருளைத் தவறவிடுவதில்லை. இடமும் சூழலும் பொருளை உணர்த்திவிடுகின்றன. ஆனால் வங்கியின் பதிவேட்டில் சூழல் என்பது கிடையாது. அங்கே எழுத்து மட்டுமே உண்டு. இது அற்பமான வேறுபாடு அன்று. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு, இச்சொல்லை எழுதிய விதத்தினால் எட்டு மாதங்கள் முடங்கிக் கிடந்ததை நாங்கள் அருகிலிருந்து கண்டோம். அதைச் சொல்வதற்கு முன், இச்சொல்லின் மூன்று பொருள்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ரொட்டி

ஆங்கிலேயர் 1809-இல் பெங்களூருவில் தம் படைக் குடியிருப்பை அமைத்தனர். அதனோடு அடுப்பில் சுட்ட ரொட்டியும் கேக்கும் இவ்வூருக்கு வந்தன. ஆயினும் கண்டோன்மென்ட் பகுதியில் விற்ற பண்டங்களைப் பழைய பேட்டையில் வாழ்ந்த சைவ உணவினர் பலர் தொடத் தயங்கினர். முட்டை சேர்ந்திருக்குமோ என்பது அவர்களுடைய முதல் ஐயம்.

இவ்வையத்தைத் தீர்த்தவர்கள் ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார்கள். எச்.எஸ். திருமலாச்சார் என்பவர் 1898-இல் சிக்பேட்டையில் ‘பெங்களூர் பிராமின்ஸ் பேக்கரி’யைத் தொடங்கினார். ‘பி.பி. பேக்கரி’ என்பது அதன் சுருக்கப் பெயர். இனிப்புக் கடை வைத்திருந்த அவருக்கு, வாடிக்கையாளராக வந்த ஆங்கிலேயர் ஒருவர் ரொட்டி சுடும் முறையைக் கற்பித்தார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. முட்டை சேர்க்காத ரொட்டியும் கேக்கும் வைணவ அந்தணர் கையால் கிடைத்தபோது பேட்டை மக்களின் தயக்கம் விலகிற்று. கடைப் பலகையில் இருந்த பெயரே பண்டத்திற்கு உத்தரவாதமாயிற்று. தர முத்திரைகளும் உரிமங்களும் இல்லாத காலத்தில் அவ்வேலையைச் செய்தது ஒரு சமூகத்தின் பெயர்.

அதன்பின் ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பலர் வந்தனர். உறவினர் கடையில் மாவு பிசைந்து தொழில் கற்றனர். சில ஆண்டுகளில் வேறொரு பேட்டையில் தமக்கெனக் கடை வைத்தனர். விஸ்வேஸ்வரபுரத்தில் 1953-இல் தொடங்கப்பட்ட வி.பி. பேக்கரி இன்றும் அங்குள்ள தின்பண்டத் தெருவின் அடையாளமாக நிற்கிறது. காரா பன், ஆலு பன், வெண்ணெய் பிஸ்கட், ரஸ்க், தில்பசந்த், சிவப்பு ஜாம் பூசித் தேங்காய்த் துருவல் தூவிய தேன் கேக் என்று இக்கடைகளுக்கென்றே ஒரு பட்டியல் உருவாயிற்று.

பெயர்கள் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பதற்கு அதே கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு சான்றும் உண்டு. மசாலா தடவி இரண்டாகப் பிளந்த வேர்க்கடலைக்கு இங்கே ‘காங்கிரஸ் கடலை’ என்று பெயர். அக்கட்சி 1969-இல் இரண்டாகப் பிளந்தபோது இப்பெயர் ஏற்பட்டது என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வர். வங்கித் துறையினராகிய எங்களுக்கு அவ்வாண்டு வேறொரு காரணத்தால் நினைவில் நிற்பது. அவ்வாண்டு ஜூலையில் பெங்களூருவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில்தான் பிரதமர் இந்திரா காந்தியின் குறிப்பு வங்கிகளைத் தேசியமயமாக்கும் பேச்சை முன்வைத்தது. சில நாட்களிலேயே, ஜூலை 19 அன்று, 14 வங்கிகள் தேசியமயமாயின. வேர்க்கடலைப் பொட்டலத்திற்கும் வங்கி வரலாற்றிற்கும் ஒரே ஆண்டும் ஒரே ஊரும் பொதுவாக அமைந்துவிட்டன.

இன்று ‘ஐயங்கார் பேக்கரி’ என்பது ஒரு குடும்பத்தின் பெயரும் அன்று; ஒரு நிறுவனத்தின் பெயரும் அன்று. உடுப்பி ஹோட்டல் என்றதும் அதன் உரிமையாளர் உடுப்பியிலிருந்து வந்தவரா என்று நாம் கேட்பதில்லை. அதைப் போலவே இதுவும் ஒருவகைச் சமையலின் பெயராகிவிட்டது. எச்சமூகத்தவரும் இப்பெயரில் கடை வைக்கின்றனர். தெய்வப் பெயர் ஒன்றும் அதன் பின்னே ‘ஐயங்கார் பேக்கரி’யும் சேர்ந்தால் கடைப் பலகை தயார். அப்பலகை உள்ளே விற்பது என்ன என்பதைச் சொல்லும். உரிமையாளர் யார் என்பதைச் சொல்லாது.

மனிதர்

இச்சொல்லின் மூலப் பொருள் மனிதரைச் சார்ந்தது. இராமாநுசர் வழிவந்த தமிழ் வைணவ அந்தணர்களை இது குறிக்கும். சொல்லின் பிறப்பைப் பற்றி இரு விளக்கங்கள் வழங்குகின்றன. ‘ஐயன்’ என்னும் மரியாதைச் சொல்லோடு ‘காரு’ என்னும் தெலுங்கு மரியாதை விகுதி சேர்ந்து உருவானது என்பது ஒன்று. ஐந்து அங்கங்களை உடையவர் என்பது மற்றொன்று. வைணவர் பெறும் ஐந்து சடங்குகளை, அதாவது பஞ்ச சம்ஸ்காரத்தை, இது சுட்டுவதாகக் கொள்வர். அவ்வைந்தனுள் ஒன்று ‘நாமம்’. ஆசாரியர் சீடருக்கு அடியான் என்னும் பொருள்படும் புதுப் பெயர் சூட்டும் சடங்கு அது. ஆக, இம்மரபில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருப்பது தொடக்கத்திலிருந்தே இயல்பு.

கருநாடகத்தில் இவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். இராமாநுசர் மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது மரபு. ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்கார்களும் மேல்கோட்டையைச் சார்ந்த மண்டயம் ஐயங்கார்களும் கன்னடம் கலந்த தனித் தமிழ் வழக்குகளை இன்றும் வீட்டில் பேசுகின்றனர். பேக்கரித் தொழிலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஹெப்பார் பிரிவினர்.

இனி வங்கிக்காரர் கண்ணோட்டத்தில் இப்பெயரைப் பார்ப்போம். தமிழிலேயே ‘ஐயங்கார்’, ‘அய்யங்கார்’ என்று இரு வடிவங்கள் உள்ளன. ஆங்கில எழுத்திற்கு மாறும்போது இவை இன்னும் பெருகுகின்றன. ‘தி இந்து’ நாளிதழை நடத்திய கஸ்தூரிரங்க ஐயங்காரின் பெயர் ஆங்கிலத்தில் ஐ, ஒய், இ என்று தொடங்கும். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த கோபாலசாமி அய்யங்காரின் பெயர் ஏ, ஒய், ஒய் என்று தொடங்கும். வரலாற்றறிஞர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் பெயர் ஏ, ஐ, ஒய் என்று தொடங்கும். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 1957 மார்ச் முதல் 1962 பிப்ரவரி வரை இருந்த எச்.வி.ஆர். ஐயங்காரோ ஒய் என்னும் எழுத்தையே விட்டுவிட்டு ஐ, இ என்று தொடங்கிக் கையெழுத்திட்டார். ஒரே சொல், நால்வர், நான்கு எழுத்துமுறைகள். அகர வரிசையில் தேடும் கணினிக்கு இவை தொடர்பில்லாத நான்கு பெயர்கள்.

பெயரின் அமைப்பு மற்றொரு சிக்கல். யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் முழுப்பெயர் பெல்லூர் கிருஷ்ணமாசார் சுந்தரராஜ ஐயங்கார். இதில் முதற்பகுதி அவர் 1918-இல் பிறந்த கோலார் பகுதி ஊரின் பெயர். இரண்டாம் பகுதி தந்தையின் பெயர். மூன்றாம் பகுதியே அவருடைய சொந்தப் பெயர். நான்காவது சமூகப் பெயர். ஆனால் உலகம் அவரை நான்காம் பகுதியால்தான் அறியும். ‘ஐயங்கார்’ என்றால் ஒருவகை யோகப் பயிற்சி என்று ஆங்கில அகராதியே பொருள் தருகிறது. கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் பெயரில் முன்னே நிற்கும் ‘ஸ்ரீநிவாச’ தந்தையின் பெயர். அதை அவருடைய முதற்பெயராகக் கொள்வோர் உலகெங்கும் உளர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில், ஊரும் தந்தையும் சொந்தப் பெயரும் சமூகமும் சேர்ந்த ஒரு பெயரை எப்படி அடக்குவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக அடக்குகின்றனர்.

இதனோடு தலைமுறை மாற்றமும் சேர்கிறது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் அவ்வழக்கம் பெரிதும் மறைந்தது. பெங்களூருவிலும் இளைய தலைமுறையினர் பலர் தந்தையின் சொந்தப் பெயரையே தம் குடும்பப்பெயராக எழுதுகின்றனர். தந்தை ஒரு பெயரில் முடிகிறார். மகன் வேறொரு பெயரில் முடிகிறார். இருவரும் தந்தையும் மகனும்தான் என்பதைப் பெயர் மட்டும் காட்டுவதில்லை.

ஊர்

காஞ்சிபுரத்திற்கு அருகே ஐயங்கார்குளம் என்றோர் ஊர் உண்டு. சஞ்சீவிராயர் கோயிலும், அதனருகே பெரிய நீர்நிலையும், நடவாவிக் கிணறும் அங்கே உள்ளன. படிகளில் நடந்து இறங்கிச் செல்லத்தக்க வாவியாதலின் நடவாவி. சித்திரை முழுநிலவன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் அக்கிணற்றிற்குள் எழுந்தருளும் திருவிழாவைக் காண மக்கள் திரள்வர். அங்கே ‘ஐயங்கார்குளத்துக்காரர்’ என்றால் அவ்வூரில் வாழ்பவர் என்பதே பொருள். அவர் எச்சமூகத்தவராகவும் இருக்கலாம். மனிதரைக் குறித்த சொல் ஊரின் பெயரிலேறி, பிறகு அவ்வூரிலுள்ள வேறு மனிதரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

எதிர்த்திசையிலும் இது நிகழ்கிறது. ஊர்ப்பெயர் மனிதரின் பெயருக்குள் முதலெழுத்தாக நுழைந்துகொள்கிறது. பெங்களூருவில் வாழும் பலருடைய பெயரின் முன்னே நிற்கும் எழுத்து அவர்கள் கண்ணால் கூடக் கண்டிராத ஏதோ ஒரு கிராமத்தைக் குறிக்கும். ஆதார் எடுக்கும் இடத்தில் அவ்வெழுத்தை விரித்து எழுதச் சொன்னால், கிராமத்தின் பெயர் திடீரென்று ஒருவரின் முதற்பெயர் ஆகிவிடும்.

ஊர்ப்பெயர்களும் நிலையானவை அல்ல. 2014 நவம்பர் 1 முதல் ‘பெங்களூர்’ ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ ஆயிற்று. பழைய வைப்புச் சீட்டில் ஒரு பெயரும் புதிய சீட்டில் மற்றொரு பெயரும் இருக்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே எண்கள் வந்தன. 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் அவற்றுள் ஒன்று. பெங்களூரு நகருக்கு அது 560 என்று தொடங்கும். வங்கிக் கிளைகளுக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மற்றொன்று. பதினொரு குறிகளைக் கொண்ட அதில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், இறுதி ஆறு குறிகள் கிளையையும் காட்டும். இடையில் நிற்பது பூஜ்யம். பேக்கரி இடம் மாறலாம், மூடப்படலாம். எண் அவ்வாறு தடுமாறுவதில்லை.

ஒரு ரஸ்க் டப்பா

இனி எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டோம்.

எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் ஒரு காலை தகர ரஸ்க் டப்பாவுடன் வந்தார். அவருடைய கணவர் ஹாசன் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதின்ம வயதில் வந்து, மாவு பிசையும் வேலையில் தொடங்கி, பிறகு சொந்தமாக ஐயங்கார் பேக்கரி நடத்தியவர். அவர் மறைந்து பதினைந்து நாட்கள்தாம் ஆகியிருந்தன. டப்பாவில் சேமிப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று, வைப்புச் சீட்டுகள் இரண்டு, கடையின் நடப்புக் கணக்கிற்குரிய காசோலைப் புத்தகம் ஒன்று ஆகியவை இருந்தன.

நான்கிலும் நான்கு பெயர்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டு முதலெழுத்துகளும் சொந்தப் பெயரும், ஒய் சேர்ந்த ‘ஐயங்கா’ரும். முதல் வைப்புச் சீட்டில் ஒய் இல்லாத ‘ஐயங்கார்’. இரண்டாம் சீட்டில் ‘ஐயங்கார்’ என்பதே இல்லை; ஆதாரில் உள்ளபடி கிராமத்தின் பெயர் விரிந்து முன்னே நின்றது. நடப்புக் கணக்கிலோ தெய்வப் பெயரும் ‘ஐயங்கார் பேக்கரி’யும் மட்டுமே. கணினிக்கு அவர் நால்வர். ஒவ்வொருவருக்கும் தனி வாடிக்கையாளர் எண்.

இதில் எங்கள் தரப்புப் பிழையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய முதல் வைப்பு, கையால் பேரேடு எழுதிய காலத்தில் செய்யப்பட்டது. எழுத்தர் தம் காதில் விழுந்ததைத் தாம் அறிந்த எழுத்தில் எழுதினார். வாடிக்கையாளர் சீட்டிலிருந்த தொகையைச் சரிபார்த்தாரேயன்றிப் பெயரைச் சரிபார்க்கவில்லை. கிளை முழுவதும் அவரை முகத்தால் அறிந்திருந்தது. ஆகவே பெயரைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. முகம் மறைந்த பிறகுதான் எழுத்து கேள்வி கேட்கத் தொடங்கியது.

சேமிப்புக் கணக்கில் நியமனம் இருந்தது. ஆனால் நியமனதாரர் பெயராக, மனைவியை வீட்டில் அழைக்கும் பெயரை அவர் எழுதியிருந்தார். அம்மையாரின் ஆதாரிலோ பள்ளியில் இட்ட பெயர். வைப்புகள் இரண்டிலும் நியமனமே இல்லை. தனிநபர் உரிமைக் கடையாதலால் உரிமையாளர் மறைவோடு நடப்புக் கணக்கின் செயல்பாடு நின்றது. மைதா வியாபாரிக்கு முன்பே கொடுத்திருந்த காசோலை திரும்பிப் போயிற்று. கணவரின் பெயரை ஒருநாளும் கடனோடு சேர்த்துக் கேட்டிராத அம்மையாருக்கு, பணத்தை விட அதுவே பெரிய வருத்தமாக இருந்தது.

“அவர் ஒருத்தர்தானே சார்? நாலு பேரா?” என்று அவர் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் விடை தெரியும். ஆயினும் தெரிந்ததை வைத்துக்கொண்டு வங்கியால் பணம் தர இயலாது. அன்று ஒரு முகத்தை நம்பிக் கொடுத்தால், நாளை வேறொரு முகத்தை நம்பி உரியவரல்லாதவருக்கும் கொடுக்க நேரிடும். ஒரே பெயருடைய இருவர் எங்கள் கிளையிலேயே உண்டு.

நான்கு பெயர்களும் ஒருவருடையனவே என்னும் உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ், மகன்கள் இருவரின் ஒப்புதல் ஆகியவை தேவைப்பட்டன. மூத்த மகன் வெளிநாட்டில். அவருடைய கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் ஐந்தாவது வடிவத்தில் இருந்தது. முழு ஆவணங்களும் கிடைத்தால் 15 நாட்களுக்குள் உரிமைகோரலைத் தீர்க்க வேண்டும் என்பது வங்கிகளுக்குரிய விதி. அவ்வாவணங்கள் சேரத்தான் எட்டு மாதங்கள் ஆயின. அவ்வெட்டு மாதமும் பேக்கரி அன்றாட விற்பனையின் ரொக்கத்தைக் கொண்டே நடந்தது. பழைய தொழிலாளர் இருவருக்குச் சம்பளம் பாதிதான் கிடைத்தது.

இடையே இளைய மகன், வேறு வங்கிகளிலும் தந்தையின் பணம் இருக்கக்கூடுமோ என்று உத்கம் இணையதளத்தில் தேடினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத வைப்புகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய தளம் அது. பெயரோடு பான் எண், பிறந்த தேதி போன்றவற்றுள் ஒன்றைக் கொடுத்துத் தேட வேண்டும். வழக்கமான எழுத்துமுறையில் தேடியபோது ஒன்றும் கிட்டவில்லை. ஏ, ஒய், ஒய் என்று தொடங்கும் வடிவத்தில் தேடியபோது, குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லாத ஒரு பழைய வைப்பு தென்பட்டது.

சட்டத்திற்கு ஒருவர், பதிவேட்டிற்குப் பலர்

இங்கே வாசகர்கள் கருத வேண்டிய ஒன்று உண்டு. சட்டம் அம்மனிதரை நால்வராகப் பார்க்கவில்லை; ஒருவராகவே பார்க்கிறது. வைப்புக் காப்பீடு இதற்குத் தெளிவான சான்று. 1960-இல் பாலா சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது வைப்பாளர் பலர் கலங்கினர். அதன் விளைவாக, எச்.வி.ஆர். ஐயங்கார் ஆளுநராக இருந்த காலத்திலேயே, 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. அன்று ஒருவருக்குக் காப்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல் அது 5 லட்சம் ரூபாய். இவ்வரம்பைக் கணக்கிடும்போது, ஒரே வங்கியில் ஒருவர் தம் சொந்தப் பெயரில் வைத்துள்ள பணமும், அவர் தனி உரிமையாளராக நடத்தும் கடையின் பெயரில் உள்ள பணமும் சேர்த்தே எண்ணப்படும். கடைக்குத் தனிப்பெயர் உண்டு. தனி உயிர் இல்லை. ‘ஐயங்கார் பேக்கரி’ என்னும் பலகைக்குப் பின்னே சட்டம் காண்பது ஒரு மனிதரை மட்டுமே.

ஆக, சட்டம் ஒருமையைக் காண்கிறது. பதிவேடு பன்மையைக் காட்டுகிறது. இரண்டையும் பொருத்தும் வேலையை ஒருவர் வாழும்போதே செய்தால் அரைமணி நேரம் போதும். அவருக்குப் பின் மற்றவர் செய்தால் எட்டு மாதங்கள் ஆகலாம்.

நாம் செய்யத்தக்கவை

பான், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால், எவ்வடிவத்தை நிலைப்படுத்துவது என்று முதலில் முடிவுசெய்து, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி உண்டு. ஆகவே அவசரம் வேண்டா. பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழ் அறிவிப்பையும், திருமணத்தால் மாறியவர்கள் திருமணப் பதிவுச் சான்றிதழையும் பழைய ஆவணத்தோடு இணைத்துத் தரலாம்.

ஒரே வங்கியில் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் எண்கள் இருந்தால், அவற்றை இணைக்குமாறு கிளையில் எழுதிக் கொடுங்கள். கணக்குகள் தனித்தனியே இருக்கலாம். அவற்றின் பின்னுள்ள மனிதர் ஒருவராகத் தெரிய வேண்டும்.

கடைப் பெயரில் காசோலை பெறுவோர், அப்பெயரிலேயே நடப்புக் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். கடைப் பெயருக்கு எழுதிய காசோலையை உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க இயலாது. தனி உரிமைக் கடையின் கணக்கிற்கு, உரிமையாளரின் அடையாளச் சான்றுகளோடு, கடை உரிமம், ஜி.எஸ்.டி. சான்றிதழ், உத்யம் பதிவு போன்றவற்றுள் இரண்டு தேவைப்படும். பிள்ளைகளும் கடையில் உழைப்பவர்களாயின், கூட்டு வணிகமாக மாற்றுவதைப் பற்றிக் கணக்காயரிடம் கலந்துபேசுங்கள்.

நியமனத்தை ஒருபோதும் வெற்றிடமாக விடாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரரின் பெயர் அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்; அழைக்கும் பெயர் அழைப்பதற்கு மட்டுமே. நியமனதாரர் பணத்தைப் பெறுபவர். சட்டப்படி உரிய வாரிசுகளுக்காக அதை வைத்திருப்பவர். இதைக் குடும்பத்தில் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

பணம் அனுப்பும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். இணையவழிப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. ‘ஸ்ரீ வெங்கடேஸ்வரா ஐயங்கார் பேக்கரி’ என்று பெயர் சரியாக இருந்தும் எண் தவறாக இருந்தால், பணம் வேறெங்கோ சென்று சேரும். 2025 ஏப்ரல் 1-க்குள் என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். வழிகளிலும் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை வங்கிகள் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. திரையில் தோன்றும் அப்பெயரை ஒருமுறை நிறுத்திப் படித்த பிறகே அனுப்புங்கள். கடைக்காரருக்கு அனுப்பும்போது கடைப் பலகையில் இல்லாத ஒரு சொந்தப் பெயர் தோன்றலாம்; ஐயமிருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இறுதியாக, உங்கள் வீட்டு ரஸ்க் டப்பாவில் என்னென்ன உள்ளன என்று ஒரு தாளில் எழுதி, அத்தாள் இருக்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். அத்தாளில் கணக்கு எண்ணோடு, ஒவ்வொரு சீட்டிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே குறித்திருங்கள்.

அந்த அம்மையாரின் பேக்கரி இன்றும் நடக்கிறது. கணக்கு இப்போது அவருடைய பெயரில். இளைய மகனுக்கு அதை இயக்கும் அதிகாரம். கடைப் பலகையில் அதே பெயர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அப்பெயரை நம்பித்தான் பேட்டை மக்கள் மாலைதோறும் வருகின்றனர். நீங்களும் இன்று மாலை உங்கள் தெருவிலுள்ள ஐயங்கார் பேக்கரிக்குச் செல்லக்கூடும். வீடு திரும்பியதும் பொட்டலத்தைப் பிரிக்கும் முன், கணக்குப் புத்தகத்தையும் ஆதாரையும் பானையும் மேசைமீது அருகருகே வைத்து, உங்கள் பெயரை மூன்றிலும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் மறுநாள் காலை கிளைக்கு வாருங்கள். முகவரிப் படிவத்தில் ‘ஐயங்கார் பேக்கரி அருகில்’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும் குற்றமில்லை. அதனருகே அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மறவாமல் எழுதிவிடுங்கள்.